பால் மூன்று முறை பொங்கிய வீடு

வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. போலிடெக்னிக்கில் கட்டடத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஜொகூர் பாருவில் மூன்றே பேர் இருக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். எங்கள் அறிக்கைப் படிவத்தில் நூற்று நாற்பத்தேழு வரிகள் உண்டு. கூரை, சன்னல் கொக்கி, தண்ணீரின் வேகம், மின்பெட்டி, குளியலறைத் தரையின் சாய்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில்களில் ஒன்றைத்தான் எழுத முடியும்: சரி, சரியில்லை, பார்க்க முடியவில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா வாங்க நினைத்த வீட்டில் அந்த மூன்று பதில்களும் போதவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதிக்க. ஆனா என் பேரு வரக்கூடாது, ரோட்டு நம்பரும் வரக்கூடாது” என்றாள். அதனால் யாருடைய பெயரும் இதில் இல்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் மாமியார் வீட்டில், ஒரே அறையில். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு. நான்கு பேரும் இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டுப் படுப்பார்கள். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் சமையலறை அவருடையது. எந்தக் கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்பதுகூட அவர் வைத்த சட்டம். அக்கா அரைத்து வைக்கும் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் கட்டிலுக்கு அடியில், பிள்ளைகளின் பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். சமைக்கும்போது எடுத்துக்கொண்டு போய், சமைத்ததும் திரும்பக் கொண்டு வந்து வைப்பாள்.

மூன்று வருடமாக வீடு பார்த்தார்கள். பதினொரு வீடுகள். ஒன்றில் வாசலுக்கு நேரே மின்கம்பம். ஒன்றில் வெள்ளம் வந்த கோடு சுவரில் இருந்தது. இரண்டு வீடுகளை இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். செடெனாக் பக்கம் மலிவாக ஒன்று வந்தது, ஆனால் அக்கா கணவர், மாமா, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், அங்கிருந்து என்றால் தூங்கவே நேரமிருக்காது. பன்னிரண்டாவதாகக் கிடைத்தது பெர்மாஸ் ஜெயாவில் ஓர் இரண்டு மாடி வரிசை வீடு. பின்பக்கம் நீட்டிக் கட்டிய பெரிய சமையலறை. அதைப் பார்த்த அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். “அஞ்சு பேரு நின்னு சமைக்கலாம்டி” என்றாள்.

மாமா என்னிடம் சொன்னது ஒன்றுதான். “இன்ஸ்பெக்டர் மேடம், நீங்க போய்ப் பாருங்க. நீங்க ஓகே சொன்னா நான் சைன் பண்றேன். நீங்க வேணான்னா வேணாம். எனக்கு இந்த சுவரு, பைப்பு எல்லாம் ஒன்னும் தெரியாது.”

சனிக்கிழமை போவதாக இருந்தது. புதன்கிழமைக்கான வேறொரு வேலை தள்ளிப்போனதால் அன்றே போய் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஏஜென்ட் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழர். வெள்ளைச் சட்டை, இரண்டு கைப்பேசி. ஒன்பது மணிக்கு வந்து கிரில் கதவைத் திறந்து சாவியைக் கொடுத்துவிட்டு, கார் எஞ்சினைக்கூட அணைக்காமல் கிளம்பினார். “ஆயர் ஈத்தாம்ல ஒரு கடை வீடு பாக்கணும் தங்கச்சி. முடிச்சதும் பூட்டிட்டு சாவிய தபால் பெட்டியில போட்டுரு. காலி வீடுதான், பயப்படாத.”

“நான் எதுக்குண்ணே பயப்படணும்?”

“சும்மா சொன்னேன்லா.”

வீடு பதினான்கு மாதமாகக் காலி. உரிமையாளர் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. காலி வீடுகளுக்கென்று ஒரு வாசனை உண்டு. குழாய் வளைவுகளில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போய், சாக்கடைக் காற்று மெல்ல மேலே வந்து, மூடிய அறைகளில் தங்கிவிடும். கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனைதான் லேசாக இருந்தது.

முன்கூடத்தில் எல்லாம் சரி. சுவரில் ஒரே ஒரு மயிரிழை விரிசல், பூச்சில் மட்டும். தரைக் கற்களைத் தட்டிப் பார்த்தேன். நுனியில் எஃகுக் குண்டு வைத்த மெல்லிய கோல் ஒன்று எங்களிடம் உண்டு. அதைத் தரையில் உருட்டிக்கொண்டும் தட்டிக்கொண்டும் போனால், கல்லுக்கு அடியில் சிமெண்ட் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது சத்தத்திலேயே தெரியும். கெட்டியான இடம் சுருக்கமாக ஒலிக்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் கொஞ்சம் தாமதித்து, அகலமாக வரும்.

சமையலறைக்குள் போனதும் கோலை நிறுத்தினேன்.

தரையின் நடுவில் மூன்று கறைகள் இருந்தன. முதல் இரண்டில் மும்மூன்று செங்கல் வைத்த தடமும் புகைக்கரியும். மூன்றாவதில் கரி இல்லை. வெள்ளையாகக் காய்ந்த ஒரு வட்டம் மட்டும். என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் புரியும். பால் காய்ச்சியிருக்கிறார்கள். பொங்கி வழிந்த பாலை அன்றைக்குக் கழுவக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புது வீட்டில் குடி புகும் நாளில் செய்கிற ஒரே ஒரு காரியம், இந்த வீட்டில் மூன்று முறை நடந்திருக்கிறது. யாரும் குடி வரவில்லை.

கறைகளைப் படம் எடுத்தேன். எடுக்கும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். மூன்று வட்டங்களிலிருந்தும் பால் வழிந்த தடம் ஒரே திசையில் போயிருந்தது. மூன்று கோடுகளும் தரைக்கற்களின் இடுக்குகளில் ஓடி, பின்சுவரின் இடது மூலையில் ஒன்றாகச் சேர்ந்து, சுவருக்கும் தரைக்கும் நடுவே இருந்த ஒரு சன்னமான இடைவெளிக்குள் போய் முடிந்தன. மூலையில் குட்டையாகத் தேங்கிய அடையாளம் எதுவும் இல்லை. அத்தனையும் உள்ளே போயிருந்தது. அவ்வளவு பாலுக்கு ஓர் எறும்புகூட அங்கே இல்லை. நம் ஊர்ச் சமையலறையில் சர்க்கரை டப்பாவின் மூடியைச் சரியாக மூடாவிட்டால் பத்து நிமிடத்தில் வரிசை கட்டிவிடும் எறும்புகள்.

ரசமட்டத்தை வைத்தேன். தரை அந்த மூலையை நோக்கிச் சாய்ந்திருந்தது. பால் அங்கே போனதற்குக் காரணம் கிடைத்தது. நிம்மதியாகக் குறித்துக்கொண்டேன். பிறகு கோலால் தட்டினேன். நடுவில் கெட்டியாக ஒலித்த தரை, மூலையை நெருங்க நெருங்க அகலமாக ஒலித்தது. கடைசி நான்கு கற்களில் வந்த சத்தத்தை அதுவரை எந்தத் தரையிலும் நான் கேட்டதில்லை. தட்டி, கையை எடுத்த பிறகும் கீழே எங்கோ அது முடியாமல் இருந்தது.

சமையலறையைக் கடைசியில் பார்க்கலாம் என்று மேலே போனேன். படிவத்தின் வரிசையை அதற்கு முன் நான் மாற்றியதே இல்லை.

மேல்மாடிக் குளியலறையில் நான்கு பல் தூரிகைகள் இருந்தன. பிளாஸ்டிக் குவளை ஒன்றில், இரண்டு பெரியது, இரண்டு சின்னது. தரை ஈரமாக இருந்தது. முன்னறையில் ஒரு பாய், மடித்து, மூலையில் சாத்தி. பின்னறைக் கதவுக்கு வெளியே ரப்பர் செருப்புகள் நான்கு ஜோடி, அளவு வாரியாக, பெரியதிலிருந்து சின்னது வரை. எல்லாம் புதியவை. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு நான்கிலும் அப்படியே இருந்தது. யாரும் ஒரு முறைகூடக் காலில் போடவில்லை.

சுவரில் ஒரு தினசரிக் கலெண்டர். தினமும் ஒரு தாள் கிழிக்கிற, தமிழ் மாதமும் ராகு காலமும் போட்ட கலெண்டர். பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி இருக்கும் என்று பக்கத்தில் போனேன். நேற்றைய தேதி காட்டியது. கிழித்த தாளின் விளிம்பு மேலே புதிதாக, வெள்ளையாக இருந்தது.

நான் பதற்றப்படுகிற ஆள் இல்லை. காலி வீட்டில் பாம்பு பார்த்திருக்கிறேன். போதைப்பித்தர்கள் விட்டுப்போன ஊசிகளைப் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனமாகத் தங்குகிறவர்கள் எதையும் அளவு வாரியாக அடுக்க மாட்டார்கள். இது வேறு. பின்னறையின் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் கிழித்திருந்தது. பிள்ளைகளின் உயரம் குறிக்கிற கோடுகள். ஒன்று என் நெஞ்சுக்குக் கீழே, இன்னொன்று அதற்கும் கீழே. பக்கத்தில் தேதி. இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி. அந்தக் கோடுகளுக்கு நேரே நிலைச்சட்டத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் தலை உரசிய எண்ணெய்ப் பிசுக்கு சற்றும் இல்லை. தூசிதான் விரலில் ஒட்டியது.

கீழே இறங்கி வெளியே வந்தேன். காற்று வாங்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக், பெரியம்மா வயதுக்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நீயும் பால் காய்ச்ச வந்தியாம்மா?” என்று மலாயில் கேட்டார்.

“இல்ல மக்சிக். வீட்ட சோதிக்க வந்தேன். இங்க யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல. ஆனா வருவாங்க, போவாங்க. மொதல்ல ஒரு பெரிய குடும்பம் வந்துச்சு, மாலை, பாட்டு எல்லாம். எனக்கு ஒரு தட்டு நெறய கேசரி. சூப்பரா இருந்துச்சு. அடுத்த வாரம் குடி வர்றோம்னாங்க. வரவே இல்ல. பேங்க் கடன் குடுக்கலன்னு ஏஜென்ட் சொன்னாரு. அப்புறம் ஒரு புதுசா கல்யாணமான ஜோடி. அவங்களும் காய்ச்சினாங்க. பாயசம் குடுத்தாங்க. கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி. அந்தப் பையனுக்கு சிங்கப்பூர்ல வேல போயிருச்சாம்.” துணியை உதறி விரித்தார். “மூனாவதா வந்த பொண்ணு மட்டும் ஒன்னுமே குடுக்கல. தனியா வந்துச்சு, தனியா காய்ச்சுச்சு. அதுலேர்ந்து வாரத்துல மூனு நாலு நாள் வருது. பத்து மணிக்கு வரும், பன்னெண்டு மணிக்குப் போயிரும். நல்ல பொண்ணுதான். ஆனா ஒரு தடவகூட இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காது.”

மணி பத்தாக எட்டு நிமிடம் இருந்தது.

கிரில்லைப் பூட்டிவிட்டு, திரும்பவும் சமையலறைக்குப் போய் விட்டுப்போன வரிகளை நிரப்பினேன். கைகள் வேலையை ஒழுங்காகச் செய்தன. பாத்திரத் தொட்டி: சரி. குழாய்: சரி. அலமாரிக் கதவு: கீல் தளர்ந்திருக்கிறது. அலமாரியைத் திறந்தபோது உள்ளே ஆறு கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு, மிளகு. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் பெயரும் அரைத்த தேதியும் எழுதி ஒட்டியிருந்தது. தேதிக்குக் கீழே இரண்டு கோடுகள். அப்படிப் பிளாஸ்திரியில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளுடைய பழைய புத்தகங்களை வைத்துத்தான் நான் படித்தேன்.

வெளியே கிரில்லில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

முன்வாசல் போர்ச்சில் குழாயைத் திறந்து கால் கழுவுகிற சத்தம். பிறகு காலடி. வீட்டுக்காரி நடக்கிற மாதிரி, எங்கே நிலைப்படி வருகிறது என்று பார்க்காத காலடி. சமையலறை வாசலில் வந்து நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். கையில் கருவேப்பிலைக் கட்டு.

“நீ சனிக்கிழமதானே வரணும்?”

“வேல மாறிச்சு.”

“ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?”

“நீ சொன்னியா?”

அவள் உள்ளே வந்தாள். கருவேப்பிலையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரி திறந்திருப்பதைப் பார்த்து, கை நீட்டி அதை மூடினாள்.

“சாவி யாரு குடுத்தா?”

“ஏஜென்ட் அண்ணன். அவரு எல்லாருக்கும் குடுப்பாராம். அந்த வெள்ளிக்கிழமய விட்டா ஆனி வந்துரும், அப்புறம் ஆடி. லோன் லெட்டர் வந்து, வக்கீல் வந்து, எல்லாம் முடியறதுக்குள்ள நல்ல நாள் போயிரும். மொதல்ல காய்ச்சிருங்க, பேப்பர் தன்னால வரும்னு சொன்னாரு.”

“அவரு ஏன் சொல்றாருன்னு தெரியுமா உனக்கு? பால் காய்ச்சின வீட்ட நம்ம ஆளுங்க விட மாட்டாங்க. அதுக்கப்புறம் நீ வேற வீடு பாப்பியா?”

“பாக்க மாட்டேன்.”

“அதான்.”

“அதான்னா என்னா அதான்? நான் என்ன ஏமாந்தா போனேன்? எனக்கு வீடு வேணும், காய்ச்சினேன்.” குரலைத் தாழ்த்தினாள். “கேஸ் அடுப்ப மார்க்கெட் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். செங்கல்லு வச்சா பொக தெரியும். அத்தைகிட்ட கோயில் ஹால்ல தையல் கிளாஸ்னு சொல்லிருக்கேன். உன் மாமாவுக்குத் தெரியாது. சொல்லிறாத.”

“மேல கோடு கிழிச்சிருக்கியே. புள்ளைங்கள கூட்டிட்டு வந்தியா?”

“சேச்சே. அதுங்க வாய வச்சிட்டு சும்மா இருக்குமா? தூங்கும்போது நூல் வச்சு அளந்து கொண்டு வந்தேன்.”

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. அரிசி அளந்து போட்டேன் என்பது போலச் சொன்னாள்.

“அக்கா, உனக்கு முன்னாடி ரெண்டு பேரு இதே எடத்துல காய்ச்சியிருக்காங்க. ரெண்டு பேரும் வரல.”

“தெரியும். நான் வந்தப்பவே அந்தக் கறை இருந்துச்சே. பாலு பொங்கி அந்த மூலைக்கு ஓடுச்சு. அவங்க பாலும் அங்கதான் போயிருக்கு. பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“பாத்துட்டு?”

“அவங்க ஒரு நாளு வந்தாங்க, போய்ட்டாங்க. வீட்டுக்கு என்ன தெரியும் அவங்கள? நான் வந்துட்டே இருக்கேன்ல. பழகிக்கும்.”

வீடு பழகிக்கும் என்றாள். நாயைப் பற்றிச் சொல்வது மாதிரி. நல்ல வெயில் நேரம். பின்கதவு கண்ணாடி வழியாக வெளிச்சம் தரை முழுவதும் விழுந்திருந்தது. என் கை மயிர் அப்போதுதான் சிலிர்த்தது, மேல்மாடியில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னேன். கோலை எடுத்து, நடுவிலிருந்து மூலை வரை தட்டிக் காட்டினேன். சத்தம் மாறுவதை அவளும் கேட்டாள். பிறகு இரும்பு டேப்பை எடுத்து, பால் இறங்கிய இடைவெளிக்குள் நுனியை விட்டேன். தரைக்குக் கீழே அரை அடியில் மண் தட்ட வேண்டும். தட்டவில்லை. ஓர் அடி போயிற்று. இரண்டு. அக்கா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டேப்பில் எண்கள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு அடி தாண்டியும் நுனி எதையும் தொடவில்லை. டேப்பின் பாரத்தை என் கையில் உணர முடிந்தது, கிணற்றில் விட்ட கயிறு மாதிரி. அதற்கு மேல் விட எனக்கு மனமில்லை. இழுத்தேன். கடைசி ஒரு சாண் நீளம் ஈரமாக வந்தது. சேறு இல்லை. வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. புளித்த பால் வாசனை அடித்தது.

“இந்த சமையலற பின்னாடி சேத்துக் கட்டினது. அடியில தூண் இறக்காம வெறும் மண்ணு மேல கட்டியிருக்காங்க. சாக்கடத் தண்ணி கசிஞ்சு மண்ண அரிச்சிட்டுப் போயிருச்சு. நீ நிக்கற எடத்துக்குக் கீழ ஒன்னுமே இல்லக்கா. தரைக்கல்லு மட்டும்தான் உன்ன தாங்குது.”

“மூனு வாரமா நிக்கறேன். ஒன்னும் ஆகல.”

“நீ ஒரு ஆளு. நாளைக்கு அடுப்பு, ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷினு, நாலு பேரு.”

அவள் எழுந்து போய் அந்த நான்கு கற்களின் மேல் வேண்டுமென்றே நின்றாள். தொட்டிக்கு முன்னால், சமைப்பவள் நிற்கும் இடத்தில். கருவேப்பிலையை உருவ ஆரம்பித்தாள்.

“எத்தன வரி இருக்கு உன் ரிப்போர்ட்டுல?”

“நூத்தி நாப்பத்தேழு.”

“அந்த ஒரு வரிய மட்டும் எழுதாத.”

நான் டேப்பின் ஈர நுனியைத் துணியால் துடைத்தேன்.

“நாங்க குடி வந்த பெறகு நானே ஆள வச்சு ரிப்பேர் பண்ணிக்கறேன். ஒரு வருஷத்துல. சத்தியமா. இப்ப எழுதினா உன் மாமா வேணாம்னுருவாரு. அந்த மனுசனுக்கு உன் வாய்தான் வேதம். அப்புறம் இன்னும் மூனு வருஷம் தேடணும். என்னால முடியாதுடி.” என்னைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். “பார்க்க முடியலைன்னு ஒன்னு போடுவியே, அதப் போட்டுரு. பொய் இல்லல்ல அது? கீழ என்னா இருக்குன்னு நீ பாக்கலதானே?”

அவள் சொன்னது சரி. நான் பார்க்கவில்லை. டேப்பைத்தான் விட்டேன். அன்று இரவு வரை அந்த வரியைக் காலியாக வைத்திருந்தேன். மற்ற நூற்று நாற்பத்தாறும் முடிந்திருந்தன. இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். எழுதாவிட்டால்: அக்காவுக்கு வீடு, பிள்ளைகளுக்கு அறை, மாமாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம். எழுதினால்: இவை எதுவும் இல்லை. எழுதாவிட்டால் என்ற பக்கத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. சின்னவள் தண்ணீர் குடிக்கத் தொட்டிக்கு ஓடி வருவாள். அவளுடைய எடை இருபது கிலோ இருக்கும். ஓடி வருகிற இருபது கிலோ.

அறுபத்தொன்றாவது வரியில் ‘சரியில்லை’ என்று எழுதினேன். படங்களையும் இணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டுக் கூடத்தில் மாமா கைப்பேசியில் அறிக்கையைப் படித்தார். ஒவ்வொரு பக்கமாக விரலால் தள்ளிக்கொண்டே போனவர் நின்றார்.

“அறுபத்தொன்னு. இது என்னா மேடம்?”

“சமையலறைக்கு அடியில மண்ணு இல்ல மாமா.”

“அலாமாக். எவ்ளோ இல்ல?”

“நாலு அடிக்கு மேல ஆழம். பக்கவாட்டுல எவ்ளோ தூரம்னு தெரியல. இடிச்சு, தூண் இறக்கி, திரும்பக் கட்டணும். அவங்க செஞ்சு குடுத்தா வாங்கலாம்.”

அவர் அங்கேயே ஏஜென்டுக்குப் போன் போட்டார். உரிமையாளர் எதையும் செய்து தர மாட்டாராம், இருக்கிறபடி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாமாம், வேறு ஆட்களும் கேட்கிறார்களாம். மாமா கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார், “வேணாம்மா அந்த வீடு. புள்ளைங்க இருக்கு.”

டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பாமலேயே, “இந்த வீட்டுக்கு என்னா கொறச்சல்? தலைக்கு மேலயும் இருக்கு, காலுக்குக் கீழயும் இருக்கு” என்றார்.

அக்கா தட்டில் தேநீர் கொண்டு வந்தாள். மாமாவுக்கு, மாமியாருக்கு, எனக்கு. என் முன்னால் குவளையை வைக்கும்போது அது துளியும் தளும்பவில்லை. “சீனி பத்துதா பாரு” என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை.

பத்தாவது நாள் போன் வந்தது. “என் சாமானெல்லாம் எடுக்கணும். தனியா தூக்க முடியல. வர்றியா?”

காலை பத்து மணிக்குப் போனோம். பாய் ஒன்று, புட்டிகள் ஆறு, குவளை, நான்கு பல் தூரிகை, நான்கு ஜோடி செருப்பு, கலெண்டர், சின்ன கேஸ் அடுப்பு, ஒரு பால் பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஒவ்வொரு ஜோடி. நான் முன்பு பார்க்காத ஒரு மேசை மின்விசிறி. எல்லாவற்றையும் என் காரின் பின்னால் அடுக்கினேன். கதவு நிலையில் இருந்த பென்சில் கோடுகளை அழிக்க ரப்பர் கொண்டு வந்திருந்தாள், ஆனால் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சமையலறையில் அந்த மூலைக்கு இரண்டு பேருமே போகவில்லை.

முடிந்ததும், “நீ வெளிய இரு. அஞ்சு நிமிசம்” என்றாள்.

நான் கேட் அருகே நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து அழுகை வரவில்லை. பேச்சு கேட்டது. வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு சாதாரணக் காலையின் குரல்.

“தலைய நல்லா தொவட்டு, சளி புடிக்கும்.”

ஓர் இடைவெளி.

“பேக்க மேல கொண்டு போய் வச்சிட்டு வா. அப்புறம் சாப்பாடு.”

இன்னொரு இடைவெளி. நீளமானது. “பாலத்துல ஜாமா இன்னிக்கி? இவ்ளோ நேரமாச்சு?”

இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை. மகனுக்கு ஒரு நீளம், மகளுக்கு ஒரு நீளம், மாமாவுக்கு ஒரு நீளம். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். ஒரு முறை சிரித்தாள். மற்றவர் முதலில் ஏதாவது சொன்னால் மட்டுமே வருகிற சிரிப்பு அது. நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்பது ஒரு குரல்தானா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒரு குரல்தான். என்னால் அதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கடைசியாக அவள், “சரி, நீங்கல்லாம் இருங்க. நான் கெளம்பறேன்” என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கிரில்லை இழுத்துப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

மேல்மாடிப் பின்னறை சன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல்.

“லைட்ட அணைக்கல நீ” என்றேன்.

“இருக்கட்டும்” என்றாள், காரில் ஏறி உட்கார்ந்துகொண்டே. “சின்னவ பயப்படுவா.”

சின்னவள் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். காலி வீட்டை விட்டு வரும்போது மின்பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. சாவி என் கையில் இருந்தது. கிரில் பத்து அடி தூரத்தில் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, காரைக் கிளப்பினேன்.